நட்சத்திரமா, தூசியா: 1986 ஹேலி வால்வெள்ளி நெகட்டிவ்களை மீட்பது எப்படி?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். 1986 சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய இரவுகளில், காலஞ்சென்ற என் தந்தையார் வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஹேலி வால்வெள்ளியை எடுத்த கறுப்பு வெள்ளைச் சுருள் அண்மையில் அலுமாரியில் கிடைத்தது. உறையில் "50 மி.மீ. வில்லை, 30 செக்கன், முக்காலி" என்று பென்சிலால் எழுதியிருக்கிறார், சுருளின் ஓரத்தில் டிரை-எக்ஸ் என்ற ஃபிலிம் வகையின் பெயர் தெரிகிறது. ஒரு கடையில் கொடுத்து ஸ்கான் செய்தேன். தூசியை நீக்கித் தந்தார்கள். ஆனால் வானம் துடைத்த கரும்பலகை போல வந்திருக்கிறது, நட்சத்திரங்களில் பெரும்பாலானவற்றைக் காணவில்லை. மூன்று படங்களில் சிலந்திவலை போலப் பூஞ்சணமும் படர்ந்திருக்கிறது. நட்சத்திரங்களை இழக்காமல் மீட்க வழி உண்டா?

இருட்டறை:
அழிந்திருப்பது ஸ்கான் கோப்பில் மட்டுமே. சுருளில் நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும். நெகட்டிவில் நட்சத்திரம் கரும்புள்ளி. அதன்மேல் படிந்த தூசியும் ஒளியை மறைப்பதால் கரும்புள்ளியாகவே பதிந்து, நேர்ப்படமாக மாற்றும்போது இரண்டும் வெள்ளையாகிவிடுகின்றன. ஆகவே தானியங்கித் தூசிநீக்கம் இவற்றைப் பிரித்தறியாது. அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டறியும் வசதியும் இங்கே உதவாது. கறுப்பு வெள்ளைச் சுருளின் வெள்ளித் துணிக்கைகள் அந்தக் கதிரையே மறிப்பதால், படத்தையே தூசியென்று ஸ்கானர் எண்ணிவிடும்.

உங்கள் தந்தையார் எழுதிவைத்த 30 செக்கன்தான் இங்கே பெரிய கொடை. வானம் மணிக்கு 15 பாகை சுழல்வதால், அந்த நேரத்தில் 50 மி.மீ. வில்லையில் ஒரு நட்சத்திரம் ஏறத்தாழ 0.1 மி.மீ. நீளக் கோடாக இழுபடும். தென்வானில் சற்றுக் குறையும். அங்குலத்துக்கு 4000 புள்ளி என்ற அளவில் ஸ்கான் செய்தால், அது பத்துக்கும் மேற்பட்ட புள்ளி நீளமுள்ள கோடாகத் தெரியும், அருகருகே உள்ள நட்சத்திரங்களெல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். தூசிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. எல்லாத் திருத்த வசதிகளையும் நிறுத்திவிட்டு, காற்றூதியால் தூசியை ஊதி இரண்டு முறை ஸ்கான் செய்யுங்கள். ஒரு ஸ்கானில் தெரிந்து மற்றதில் இல்லாத புள்ளி தூசியே. அழிப்பதைக் கையால், ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

கல்கிசை:
பூஞ்சணம் பிடித்த படங்களைத் தயவுசெய்து தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். படத்தைத் தாங்கும் பூச்சான ஜெலற்றின், பூஞ்சணம் தாக்கினால் நீரில் கரையக்கூடியதாகிவிடும், நட்சத்திரங்களும் அதோடு போய்விடும். தண்ணீர் கலவாத ஐசோபுரொப்பைல் அல்ககோலை மென்மையான துணியில் தொட்டு, முதலில் ஓரத்தில் சோதித்துவிட்டு இலேசாகத் துடையுங்கள். ஜெலற்றினை ஏற்கெனவே அரித்த தடத்தை எதுவும் மீட்காது. கொழும்பின் ஈரக்காற்றில் பூஞ்சணம் திரும்பவும் வரும்; துடைத்த சுருளைச் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள்.

மற்றொன்று: வான் வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் கொழும்பையும் அந்தத் திகதியையும் கொடுத்து, வரைபடத்தைப் படத்தோடு ஒப்பிடுங்கள். 1986 ஏப்ரல் 11இல் ஹேலி பூமியிலிருந்து சுமார் 6.3 கோடி கிலோமீற்றரில் இருந்தது. 9ஆம் திகதி அமாவாசை என்பதால் அந்த வார இரவுகளில் நிலவொளி குறைவாகவே இருந்தது. அப்போது வால்வெள்ளி சென்டாரஸ் விண்மீன் கூட்டத்தின் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்ததால், அங்குள்ள ஒமேகா சென்டோரி என்ற நட்சத்திரக் கொத்தும் அதே படத்தில் விழுந்திருக்கலாம்.

வெள்ளவத்தைவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. வால்வெள்ளிக்குச் சற்றுத் தள்ளி, கடைக்காரர் கறையென்று அழித்திருந்த பஞ்சுப்பொட்டு, வரைபடத்தில் ஒமேகா சென்டோரி இருக்கும் இடத்திலேயே இருக்கிறது.