பேதுரு சேர்த்துக்கொள்ளப்பட்டார், அப்படியானால் எபிரெயர் 6:4-6 யாருக்கு?

கேள்வி (ஞாயிறு பள்ளி ஆசிரியை)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் பேதுரு மறுதலித்த பகுதியைத் தியானித்தபோது, கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் கேட்ட கேள்விக்கு என்னால் நிறைவான பதில் சொல்ல இயலவில்லை. சபித்துச் சத்தியம்பண்ணி ஆண்டவரை மறுதலித்த பேதுரு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டிருக்க, மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கென்று மறுபடியும் புதுப்பிப்பது கூடாத காரியம் என்று எபிரெயர் நிருபம் சொல்வது ஏன் என்பதே அவளுடைய கேள்வி. அவளுடைய அண்ணன் விசுவாசத்தை விட்டு விலகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவனை மனதில் வைத்தே கேட்கிறாள் என்பதால், மேலோட்டமாக ஏதேனும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆயர்)

சகோதரி, பேதுருவின் மீட்சி என்றதும் நாம் நேராக யோவான் 21-ஆம் அதிகாரத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அது தொடங்கும் இடம் லூக்கா 22:32. "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று ஆண்டவர் சொல்வது, பேதுரு மறுதலித்து, சேவல் கூவுவதற்கு வெகுநேரம் முன்பு. காவலிலும் சாவிலும் உம்மோடு வருவேன் என்று பேதுரு மார்தட்டுவதற்கும் முன்பு. விழப்போகிறவன் என்று தெரிந்தே அவனுக்காக ஜெபித்தது மட்டுமல்லாமல், "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று, எழுந்தபின் செய்யவேண்டிய ஊழியத்தையும் அப்போதே கையில் கொடுத்துவிடுகிறார். ஆகவே பேதுரு மனங்கசந்து அழுததனால் தேவ அன்பு உண்டாகவில்லை. முன்பே இருந்த அன்புதான் அவரை அழவைத்தது.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் பேதுருவைச் சந்தித்ததையும் (யோவான் 21) நிதானமாக வாசியுங்கள். மறுதலித்த இரவில் பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்தது கரிநெருப்பண்டையில். திபேரியா கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்ததும் கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். "என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வி அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகே வருகிறது. முதலில் கணக்குக் கேட்டு, பிறகு பந்தியில் உட்காரவைக்கவில்லை. மூன்று முறை மறுதலித்தவரிடம் அதே கேள்வியை மூன்று முறை கேட்டு, பதிலைக் கேட்டுக்கொண்டு, தம்முடைய ஆடுகளை, அதாவது விசுவாசிகளை, அவர் பொறுப்பில் விடுகிறார்.

அதோடு அவர் தடுமாறுவது நின்றுவிட்டதா என்றால், அதுவும் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அந்தியோகியாவில், யூதர்களுக்குப் பயந்து புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிடுவதை விட்டு விலகி நின்றார். பவுல் முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). இந்தப் பகுதியை நாம் பிரசங்கத்தில் அதிகம் தொடுவதில்லை. தொட்டால் நல்லது.

பதில் 2 (சபை வரலாறு படிப்பவர்)

அந்த மகளின் கேள்வியை மூன்றாம் நூற்றாண்டுச் சபை முழுவதுமே கேட்டது. 250-ஆம் ஆண்டில் பேரரசன் டெசியஸின் கட்டளைப்படி எல்லாரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் பெறவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சான்றிதழ்கள் பாப்பிரஸ் தாள்களாக எகிப்தில் இன்றும் கிடைத்திருக்கின்றன. உயிருக்குப் பயந்து பலியிட்டவர்களும், பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் ஏராளம். அவர்கள் திரும்பி வந்தபோது, சேர்த்துக்கொள்ளவே கூடாது என்று ரோமில் நொவாத்தியான் என்ற மூப்பர் பிரிந்து நின்றார். 251-இல் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் கூட்டிய மாமன்றம், சான்றிதழ் மட்டும் வாங்கியவர்கள் மனந்திரும்பினால் சேரலாம், பலியிட்டவர்கள் மரணத் தறுவாயிலாவது சேரலாம் என்று முடிவு செய்தது. அடுத்த உபத்திரவம் நெருங்கியபோது பின்னவர்களுக்கும் அந்த விதி தளர்த்தப்பட்டது. 325-இல் நிசேயா மாமன்றம், அவசியமில்லாமலே மறுதலித்தவர்களுக்குப் பல ஆண்டு ஒழுங்கு நடவடிக்கையை விதித்தாலும், சாகும் நிலையில் இருப்பவருக்குத் திருவிருந்தை மறுக்கக்கூடாது என்றும் கட்டளையிட்டது.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கடவுள் மன்னிக்கமாட்டார் என்று நொவாத்தியான் தரப்பினரும் சொல்லவில்லை; மன்னிக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை என்பதே அவர்கள் வாதம். பிற்பாடு அதே தரப்பினர் எபிரெயர் 6-ஐ எடுத்துக்காட்டியபோது, மிலான் ஆயர் அம்புரோஸ் அந்த வசனம் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுப்பதைக் குறிக்கிறது என்று விளக்கினார். அந்த விளக்கம் எனக்கு முழுவதும் திருப்தியளிக்கவில்லை. ஆனால் மன்னிப்பின் கதவை அந்த வசனம் அடைக்கிறது என்பதைத் திருச்சபையின் பெரும்பகுதி ஒருபோதும் ஏற்கவில்லை.

ஆசிரியை மீண்டும்

இருவருக்கும் மிக்க நன்றி. இருந்தும் ஒரு சந்தேகம். அன்பு இவ்வளவு உறுதியானது என்றால், அந்த வசனத்தின் கடுமை எதற்கு? "எப்படியும் மன்னிப்பார்" என்று பிள்ளைகள் அலட்சியமாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

பதில் 3 (வேதபாடம் நடத்துபவர்)

அந்தக் கடுமையை அப்படியே விட்டுவிடுங்கள், அக்கா. அதை மழுப்பிச் சொல்லத் தேவையில்லை. ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் பாருங்கள்: எப்பிராயீமின், அதாவது வட இஸ்ரவேல் ஜனத்தின், துரோகத்தை அத்தியாயம் அத்தியாயமாகக் கண்டித்து, பட்டயம் வரும் என்று எச்சரிக்கும் அதே தேவன், 11:8-இல் "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்" என்று உள்ளம் குழம்பிப் பேசுகிறார். கண்டிப்பும் தவிப்பும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. அன்பில்லாதவர் எச்சரிக்கமாட்டார், விட்டுவிட்டுப் போய்விடுவார்.

எபிரெயர் நிருபத்திலும் அதே போக்குதான். 6-ஆம் வசனத்தின் கடுமைக்குப் பின் 9-ஆம் வசனத்தில், "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும்" என்று எழுதுகிறவர் குரலை மாற்றி, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டென்று நம்புகிறோம் என்கிறார். தொய்ந்துபோனவர்களைத் தட்டி எழுப்ப எழுதப்பட்ட எச்சரிக்கை அது. திரும்பிவர நினைக்கிறவனை வாசலில் நிறுத்தி வாசித்துக் காட்டுவதற்கு எழுதப்பட்டதல்ல. அந்த மகளும் தன் அண்ணனிடம் இந்த வசனத்தைக் கொண்டு பேச்சைத் தொடங்கவேண்டாம் என்பது என் கருத்து. அவன் திரும்ப விரும்பினால், அந்த விருப்பமே புதுப்பித்தல் கூடாத காரியமாகிவிடவில்லை என்பதற்கு அடையாளம். விரும்பாவிட்டால், பேதுரு தடுமாறுவதற்கு முன்பே அவருக்காக ஜெபித்தவர் அவனுக்காகவும் வேண்டுதல் செய்கிறார் என்பதை எபிரெயர் 7:25-இலேயே அவளுக்குக் காட்டலாம்.

ஆசிரியை

வரும் கூடுகையில் 4 முதல் 6 வரை மட்டும் எடுக்காமல், ஆத்தும நங்கூரத்தைப் பற்றிய 19-ஆம் வசனம் வரை ஒரே மூச்சில் வாசிக்கவும், அதன்பின் 7:25-ஐ அந்த மகளையே வாசிக்கச் சொல்லவும் தீர்மானித்திருக்கிறேன். அந்தியோகியாப் பகுதியை அதற்கடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன், ஐயா.