லேப் நம்பர்ல கூப்பிட்டா ஸ்பேம்னு காட்டுது, பேஷன்ட் யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க, என்ன பண்றது?

அண்ணாநகர் லேப்

எல்லாருக்கும் வணக்கம். மதுரை அண்ணா நகர் பக்கம் சின்னதா ரத்தப் பரிசோதனை லேப் வச்சிருக்கோம், நானும் வீட்டம்மாவும், வெளிய போயி சாம்பிள் எடுக்க மூணு பசங்க. எங்களுக்கு பாதி வேலை வீட்டுக்கே போயி எடுக்கிறதுதான், வெள்ளன ஆறு மணிக்கே பசங்க ஆனையூர், திருப்பாலை, ஒத்தக்கடைன்னு ஆளுக்கொரு பக்கம் கெளம்பிருவாங்க.

இப்ப ஒரு ரெண்டு மாசமா நாங்க கூப்பிட்டா நெறைய பேரு எடுக்கவே மாட்டேங்குறாங்க, கேட்டா போன்ல செவப்பா ஸ்பேம்னு வருதுங்குறாங்க. போன வாரம் திருப்பாலைல ஒரு வயசான அம்மா, வெறும் வயித்து சுகர் பாக்கணும்னு சாப்பிடாம உக்காந்துருக்காங்க, பையனுக்கு வீடு தெரியல, அது புதுசா வந்த பிளாட்டு, கதவு நம்பரும் இல்ல, ஆறு தடவ அடிச்சிருக்கான், அவங்க மோசடிக்காரன்னு நெனச்சு கட் பண்ணிக்கிட்டே இருந்துருக்காங்க, ஒம்பதரைக்குத்தான் பையன் விசாரிச்சுப் போய்ச் சேந்தான், அவங்களுக்கு தலை சுத்தல் வந்துருச்சு. சுகர் மாத்திரை சாப்பிடுறவங்க அவங்க. அன்னைக்கு பூரா எனக்கு மனசே சரியில்ல. லேப் நம்பரை இதுல இருந்து வெளிய எடுக்க வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை

அண்ணே, மொதல்ல ஒன்னு பாருங்க, எல்லார் போன்லயும் ஒரே மாதிரி வருதா, இல்ல ஆளுக்கு ஆளு மாறுதா? ஸ்பேம்னு ஒட்டுறது ஒரே ஆளு இல்ல. ட்ரூகாலர் ஒட்டும், ஆண்ட்ராய்டுல இருக்க கூகுள் போன் ஆப் ஒட்டும், சிம் கம்பெனியே நெட்வொர்க்ல ஒட்டும். ஒரு எடத்துல சரி பண்ணா இன்னொரு எடத்துல அப்பிடியேதான் நிக்கும். நாலஞ்சு தெரிஞ்சவங்க போனுக்கு அடிச்சு ஸ்கிரீன்ல என்ன எழுதிருக்குன்னு பாருங்க.

அண்ணாநகர் லேப்

பாத்தேன் தம்பி. என் மச்சான் போன்ல ட்ரூகாலர் இருக்கு, அதுல செவப்பா வந்து நெறைய பேரு ஸ்பேம்னு சொல்லிருக்காங்கன்னு காட்டுது. வீட்டம்மா போன்ல அந்த ஆப்பே இல்ல, ஆனாலும் சந்தேக ஸ்பேம்னு இங்கிலீஷ்ல வருது. மாமனாரு பட்டன் போனு, அதுல வெறும் நம்பர்தான். இன்னொன்னையும் சொல்லிர்றேன், ஆடி மாசம் முழு உடம்பு செக்கப்புக்கு ஒரு ஆஃபர் போட்டோம், பழைய பேஷன்ட் லிஸ்ட்ட எடுத்து ரெண்டே நாள்ல ஒரு முந்நூறு பேருக்கு இதே நம்பர்ல இருந்துதான் கூப்பிட்டோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

டவுன்ஹால்ரோடு செல்கடை

சம்பந்தம் இருக்குமாவா, அண்ணே, அதுதான் காரணமே. நான் பதினஞ்சு வருசமா சிம்மு, ரீசார்ஜு, பிசினஸ் கனெக்சன்தான் பாக்குறேன், கடைக்கு வர்றவங்க பாதி பேரு கதை இதான்.

2024 செப்டம்பர்ல ஏர்டெல் கம்ப்யூட்டரே பாத்து ஸ்பேம் கண்டுபிடிக்கிற முறைய கொண்டுவந்தாங்க, அப்புறம் வோடபோன் ஐடியாவும் அதே மாதிரி கொண்டுவந்துச்சு. நீங்க என்ன பேசுறீங்கன்னு அது கேக்காது, ஒரு நம்பர்ல இருந்து எத்தனை கால் போகுது, எம்புட்டு நேரம் பேசுறாங்க, எப்பிடி பயன்படுத்துறாங்க, இதைத்தான் பாக்கும். ரெண்டு நாள்ல முந்நூறு கால், பாதி பேரு எடுக்கல, எடுத்தவங்க பத்து செகண்ட்ல வச்சுட்டாங்க, அப்பிடின்னா அதுக்கு நீங்க லேபா கடன் குடுக்குறவனான்னு எப்பிடித் தெரியும்? ட்ரூகாலர் வேற கதை, அது சனங்க அமுக்குற பிளாக், ரிப்போர்ட்ட வச்சு ஓடுது. ஆஃபர் கால் வந்த கடுப்புல ஒரு இருபது பேரு அமுக்கியிருந்தாலும் பாதிப்புதான்.

இத விட முக்கியமான விசயம் சட்டம். ஆஃபர் சொல்லி சாதா பத்து இலக்க நம்பர்ல இருந்து கூப்பிடவே கூடாது, அதுக்குன்னு 140ல ஆரம்பிக்கிற வரிசை தனியா இருக்கு, டிஎல்டின்னு சிம் கம்பெனிங்க வச்சிருக்க பதிவுத் தளத்துல பதிவு பண்ணித்தான் பண்ணணும். 2025 பிப்ரவரில டிராய், அதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், விதிய இன்னும் இறுக்கிட்டாங்க, பத்து நாளுக்குள்ள அஞ்சு புகார் வந்தாலே நடவடிக்கை எடுக்கலாம், முன்னாடி ஏழு நாள்ல பத்து புகார்னு இருந்துச்சு. மொத தடவ மாட்டினா 15 நாளைக்கு அவுட்கோயிங் கட், திரும்ப மாட்டினா உங்க பேர்ல இருக்க அம்புட்டு கனெக்சனும் ஒரு வருசத்துக்கு போயிரும். 1909க்கு அடிச்சு யார் வேணா புகார் குடுக்கலாம், நீங்க லேசா எடுத்துக்காதீங்க.

இப்ப செய்ய வேண்டியது: இந்த நம்பர்ல ஆஃபர் கால அடியோட நிறுத்துங்க. கூகுள் மேப்புல உங்க லேப் பக்கத்துல இதே நம்பர்தான் இருக்கான்னு பாருங்க, கூகுள் போன் ஆப் அங்க இருந்துதான் கடை பேர எடுத்துக் காட்டும். ட்ரூகாலர்ல நம்பரயே நீக்குற வழி ஒன்னு இருக்கு, அதுல எறங்காதீங்க, பேரும் சேந்து போயிட்டா வெறும் நம்பரப் பாத்து ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. லேப் பேர்ல அக்கவுண்ட் போட்டு பேர சரியா வைங்க, தப்பா ஸ்பேம்னு வருதுன்னு அவங்களுக்கே எழுதுங்க, காசு கட்டுனா சரிபார்த்த பிசினஸ்னு டிக் மார்க்கும் உண்டு, சின்ன லேபுக்கு அது கட்டுபடியாகுமான்னு பாத்துக்கோங்க. சிம் கம்பெனிக்கு தனியா எழுத்துல புகார் குடுங்க, புகார் நம்பர வாங்காம விடாதீங்க.

திருமங்கலத்தான்

எதுக்கு இம்புட்டு அலைச்சல், நாலு புது சிம்மு வாங்கி மாத்தி மாத்தி அடிங்க, ஒன்னு செவப்பானா அடுத்தது. நாங்க ஃபைனான்ஸ்ல அப்பிடித்தான் பண்றோம்.

டவுன்ஹால்ரோடு செல்கடை

தம்பி கோவிச்சுக்காத, ஆனா இத தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. புது சிம்ம போட்ட அன்னைக்கே நூறு பேருக்கு கால் போனா அதுதான் மோசடிக் கும்பல் பண்றது, இன்னும் சீக்கிரமா மாட்டும். அதோட புது நம்பர்னு நம்ம வாங்குறது எவனோ விட்டுப் போன பழைய நம்பரா இருக்கும், கட் ஆன நம்பர 90 நாளுக்கப்புறம் திரும்ப வேற ஆளுக்கு குடுக்கலாம், அவன் சேத்து வச்ச கெட்ட பேரும் சேந்து வரும். லேபுன்னா ஒரே நம்பர் வருசக்கணக்கா இருக்கணும், அண்ணே, ரிப்போர்ட்டு கவர்ல அதத்தான அடிச்சு வச்சிருப்பீங்க.

உசிலம்பட்டி மகள்

நான் பேஷன்ட் வீட்டுப் பக்கத்துல இருந்து சொல்றேன் அண்ணா. எங்க அம்மா ஊர்ல தனியா இருக்காங்க, பேங்க்ல இருந்து பேசுறோம்னு சொல்லி ஒருத்தன் ஓடிபி கேட்டு பணத்த எடுத்துட்டான், அதுல இருந்து தெரியாத நம்பர எடுக்கவே கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கி வச்சிருக்கேன். அதனால எடுக்காதவங்க மேல தப்பு சொல்ல முடியாது. ஆனா அம்மாக்கு சாம்பிள் எடுக்க வர்ற லேப்ல முதல் நாள் சாயங்காலமே வாட்ஸப்ல ஒரு மெசேஜ் போடுறாங்க, நாளைக்கு ஆறரைக்கு இன்னார் வருவாரு, இந்த நம்பர்ல இருந்து கூப்பிடுவாருன்னு, பையன் போட்டோவும் இருக்கும், எனக்கும் ஒன்னு வரும். நான் அம்மாகிட்ட சொல்லிருவேன், கால் வந்தா பயமில்லாம எடுப்பாங்க. பதிவு பண்றப்பவே வீட்டு லொக்கேசன வாங்கிக்கோங்க அண்ணா, காலைல ஆறு தடவ அடிக்கிற வேலையே இருக்காது.

வைகைக்கரை

அக்கா சொல்றது ரெம்ப சரி. இன்னொன்னு, லேப்ல லேண்ட்லைன் இருந்தா முதல் நாள் கால அதுல இருந்து பண்ணுங்க, 0452ன்னு பாத்தா நம்ம ஊரு நம்பர்னு பெரியவங்க எடுப்பாங்க, எங்க வீட்ல அப்பிடித்தான்.

அண்ணாநகர் லேப்

மூணு வாரம் ஆச்சு, என்ன ஆச்சுன்னு சொல்ல வந்தேன். ஆஃபர் கால அன்னைக்கே நிறுத்திட்டோம். சும்மா கெடந்த லேண்ட்லைன எடுத்து வச்சு, இப்ப வீட்டம்மா தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மறுநாள் லிஸ்ட்ல இருக்க எல்லாருக்கும் அதுல இருந்து பேசுறாங்க, லொக்கேசன் வாங்கிட்டு பையன் போட்டோவ மெசேஜ்ல அனுப்புறாங்க. எடுக்கலன்னா தொடந்து அடிக்கக் கூடாது, ரெண்டு தடவையோட நிறுத்தி மெசேஜ் போடணும்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன். சாம்பிள் எடுத்து முடிச்சதும் அங்கயே நின்னு, அம்மா இந்த நம்பர சேவ் பண்ணிக்கோங்கன்னு கேட்டு அவங்க போன்லயே போட்டுக் குடுத்துட்டு வர்றாங்க, சேவ் பண்ணவங்க போன்ல இப்ப லேப் பேருதான் வருது.

மச்சான் போன்ல செவப்பு போயிருச்சு. வீட்டம்மா போன்ல இன்னும் அப்பப்ப சந்தேக ஸ்பேம்னு வருது, சிம் கம்பெனில குடுத்த புகாருக்கு பாக்குறோம்னு மட்டும் பதில் வந்துருக்கு, திங்கக்கிழமை திரும்ப போறேன். திருப்பாலை அம்மா வீட்டுக்கு நானே நேர்ல போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்தேன். இந்த மாசமும் நம்ம லேப்லதான் எழுதிக் குடுத்துருக்காங்க, புதன்கிழமை ஆறரைக்கு.