டவுனுக்குப் போற நாள்ல அம்மா தண்ணி குடிக்கிறதில்ல

பொகவந்தலாவை மகன்:
அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசும உதவிக் காசு எடுக்க அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். எந்த டவுன்னு சொல்ல விரும்பல. அம்மாவுக்கு சீனி வருத்தம், ரெண்டு முழங்காலும் ஏலாது. பேங்க் வரிசையில நின்னு முடியறதுக்குள்ள அவசரமாயிருச்சு. பஸ் ஸ்டான்ட் கக்கூஸ் வாசல்ல மூணு படி, மழைத்தண்ணி வழியுது, பிடிக்கக் கம்பி இல்ல. பொம்பளைங்க பக்கம் நான் எப்படிப் போறது? அம்மா ரெண்டாவது படியில நின்னுக்கிட்டு என்னையே பார்த்தாங்க. அப்ப ஒரு சிங்கள அக்கா, முன்னப் பின்ன தெரியாதவங்க, மரக்கறிப் பையை எங்கிட்டக் குடுத்துட்டு அம்மாவை இடுப்போட சேர்த்துப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. உள்ள குந்துற கக்கூஸ்தான். எழும்ப முடியாம அம்மா அழுத சத்தம் வெளிய கேட்டுச்சு.

இப்ப டவுனுக்குப் போற நாள்ல காலைத் தேத்தண்ணிகூட வேணாங்கிறாங்க. சீனி உள்ளவங்க தண்ணி குடிக்காம இருக்கக் கூடாதுன்னு கிளினிக்ல சொல்லியும் கேக்கல. வேற யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

ஊவாத் தம்பி:
என் அண்ணன் வீல் செயார்ல. ஒரு டவுன்ல கதவுல வீல் செயார் படமெல்லாம் போட்ட டொய்லட் இருந்துச்சு, பார்த்தவுடனே அவ்வளவு சந்தோசம். பூட்டியிருந்தது. சாவி யார்கிட்ட இருக்குன்னு மூணு பேரைக் கேட்டு, கடைசியா ஒரு பையன் கொண்டாந்து திறந்தான். உள்ள விளக்கமாறு, பெயின்ட் டின், உடைஞ்ச மேசை. கொமட் மேல சீமெந்துப் பை. அந்தப் பையனுக்கே முகம் செத்துப் போச்சு, சாமானை வெளிய இழுக்கப் பார்த்தான். அண்ணன் “விடுங்க தம்பி, வீட்டுக்கே போறோம்”னு சொல்லிட்டார். பஸ்ல வாற வழியெல்லாம் அவர் வாய் திறக்கல.

முன்னாள் சபை ஊழியர்:
டவுன் கக்கூஸ்னா எல்லாரும் நகர சபையை, பிரதேச சபையைத்தான் ஏசுவீங்க. நான் ஒரு சபையில வேலை செஞ்சவன். பைப் மாட்டினா ஒரு கிழமையில கழட்டிக்கிட்டுப் போறாங்க. பெப்ரவரி, மார்ச்ல ஊத்து வத்தினா டேங்க்ல சொட்டுத் தண்ணி கிடையாது. ஒரு நாள் காலையில கழுவப் போன அம்மா, தண்ணியில்லாத கக்கூஸைப் பார்த்துட்டு வாளியோட அப்பிடியே நிலத்துல உக்காந்துட்டாங்க. பூட்டி வைக்கிறதுக்கும் காரணம் இருக்கு.

கொழுந்துக்காரி மகள்:
ஐயா, பைப்பைக் கழட்டினது வேற யாரோ. பூட்டு மட்டும் ஏன் வீல் செயார்காரர் கதவுல? மத்தக் கதவெல்லாம் திறந்துதானே கிடக்கு?

நீங்க எல்லாரும் டவுனைப் பத்திக் கதைக்கிறீங்க. எங்கம்மா வேலை செஞ்ச மலையில கக்கூஸே இல்ல. லயத்துக்கு ஏறி வந்து போனா கொழுந்து நிறை குறையும், பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) குறைஞ்சா சம்பளம் குறையும். மாசத்துல அந்த நாட்கள்லயும் தேயிலைக்குள்ளதான், அட்டைக்கு நடுவுல. ஒரு தடவை அம்மா போன நேரம் மேல ரோட்டுல வேன் நின்னு யாரோ போட்டோ எடுத்தாங்களாம். தேயிலையைத்தான் எடுத்தாங்களோ என்னவோ, அம்மா அசையாம அப்படியே குந்தியிருந்திருக்காங்க. இதைச் சொல்லும்போது இன்னும் குரல் நடுங்கும். தோட்டத்துக்குள்ள செலவழிக்க பிரதேச சபைகளுக்கு 1987 பிரதேச சபைச் சட்டத்தோட 33ஆம் பிரிவு தடையா இருந்துச்சு. 2018ல திருத்தினாங்க. இனியும் அதைச் சாக்குச் சொல்ல ஏலாது.

கட்டட மேற்பார்வையாளர்:
எனக்கும் இப்படி ஒன்னு நடந்தது, மாமியை த்ரீவீல்ல இருந்து தூக்கித்தான் கொண்டு போனேன். அதை விடுங்க. இதைக் கட்டுறவங்க வாசிக்கணும்னு எழுதுறேன்.

நம்ம மலைநாட்டுல சரிவுலதான் கட்டுவோம், அதனால படி வந்துரும். படிக்குப் பதிலா சாய்வுப் பாதை போடுறவங்க செங்குத்தாப் போட்டுட்டு முடிச்சிட்டோம்னு நினைக்கிறாங்க. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். மூணு படி ஒன்றரை அடின்னா பாதை 18 அடி. இடம் இல்லேன்னா மடக்கிப் போடுங்க. சீமெந்தை வழுவழுப்பாத் தேய்க்காதீங்க, நம்ம மழைக்கு ஒரே வருசத்துல பாசி பிடிச்சிரும். கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்ள ஒருத்தர் விழுந்து கிடந்தா, உள்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே அடைச்சிரும். வீல் செயார் திரும்ப 5 அடிக்கு 5 அடி வெறும் நிலம் வேணும். கொமட் பக்கத்துல கைப்பிடிக் கம்பி, அதுவும் சுவர்ல ஆழமா இறுக்கினதா இருக்கணும். ஆம்பளை பக்கம், பொம்பளை பக்கம்னு பிரிக்காம தனி வாசல் வச்சா மகன் அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாம், மனுசி புருசனைக் கூட்டிட்டுப் போகலாம்.

இதெல்லாம் யாரோட தயவும் இல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, அதுக்குக் கீழ 2006ல அணுகல் விதிகள் வந்துச்சு. வீல் செயார்ல இருந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) போய், புதுப் பொதுக் கட்டடங்கள்ல இந்த வசதி இருக்கணும்னு 2011ல கட்டளை வாங்கினார்.

பொகவந்தலாவை மகன்:
தனி வாசல்னு சொன்னீங்களே அண்ணே, அதான் எங்களுக்கு வேணும். சபைக்கு எழுதிக் குடுத்தா எடுப்பாங்களா? எனக்கு சிங்களம் எழுத வராது.

முன்னாள் சபை ஊழியர்:
தமிழ்லயே எழுதுங்க தம்பி, தமிழும் அரச மொழிதான். ரெண்டு பிரதி கொண்டு போய் ஒன்னுல திகதியோட முத்திரை வாங்கிக்குங்க. கூடவே தகவல் அறியும் சட்டத்துல ஒரு விண்ணப்பமும் குடுங்க. தர்றோமா இல்லையான்னு 14 வேலை நாளுக்குள்ள அவங்க முடிவு சொல்லணும். கழுவ எத்தனை பேர், தண்ணி எங்கேருந்து வருது, பூட்டின அறைக்குச் சாவி யார் பொறுப்புல இருக்குன்னு கேளுங்க. எழுதினதும் இங்க போடுங்க, நான் பார்த்துத் திருத்தித் தாறேன்.