உண்ட வீடு எது? அரசுக்குள் இருந்துகொண்டே அரசை எதிர்த்தவர்கள் பற்றி ஒரு கேள்வி

தலவாக்கலை மைந்தன்:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கிறாள். வருகிற வியாழன் பாடசாலையில் விவாதம் இருக்கிறது. ஆளும் தரப்பில் இருக்கிற மக்கள் பிரதிநிதி அதே அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பலாமா என்பதுதான் தலைப்பு, இவளுக்குக் 'கிளம்பலாம்' என்று பேசுகிற பக்கம் விழுந்திருக்கிறது. ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னாள். தாத்தா கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றதுக்கு வக்காலத்து வாங்கப் போறியா" என்று கேட்டுவிட்டார். அவர் முப்பத்தெட்டு வருஷம் தேயிலை பக்டரியில் வேலை செய்தவர், தோட்டத்து முகாமையாளரான ஒரு துரையிடமும் பொய் சொன்னதில்லை என்று ஊரே சொல்லும். பிடிக்கவில்லை என்றால் பதவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து பேசு, உள்ளே உட்கார்ந்துகொண்டு எதிர்க்காதே என்பதுதான் அவர் வாதம்.

எனக்கு அதில் பாதி சரி என்று படுகிறது, பாதி உறுத்துகிறது. நம்ம இலங்கை மலையகத்திலேயே இப்படி நடந்திருக்கிறதா, நடந்து சனத்துக்கு ஏதாவது கிடைத்திருக்கிறதா? அப்புறம் தேர்தலில் வென்றவர்களே ஆயுதம் வரைக்கும் போன கதைகளும் இருக்குமே, அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கலாமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மலைமகள்:

தம்பி, தாத்தாவைக் கோபிக்க வேண்டாம், அந்தத் தலைமுறைக்கு நன்றி என்பது பெரிய விஷயம். ஆனால் 1986 தைப்பொங்கல் சமயத்தை அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் இருந்தார். 1978இல் அமைச்சர் ஆனவர். அமைச்சராக இருந்துகொண்டேதான் 1984 ஏப்ரலில் அவருடைய தொழிலாளர் காங்கிரஸும் மற்றச் சங்கங்களும் சேர்ந்து தோட்டங்களை நிறுத்தின, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது அந்தப் போராட்டத்தில்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் அம்மா அப்பாவைவிடக் குறைந்த நாட்சம்பளத்துக்குத்தான் மலை ஏறினார். இரண்டு வருஷம் கழித்து நாடற்றவர்களின் பிரஜாவுரிமைக்காகப் பிரார்த்தனைப் போராட்டம். அதுவும் அமைச்சர் பதவியை விடாமல்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. காலையில் சங்கு ஊதியது, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக்கு யாரும் போகவில்லை. அம்மா கொழுந்துக் கூடையைக் கழுவி நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் நாள் உலர்த்தி வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனார், நானும் பின்னால் போனேன். உள்ளே இடம் இல்லை, மண்டபத்துக்கு வெளியே பனியில்தான் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை, பெயர்ப் பதிவேடான செக்ரோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு பெயரும் கூப்பிடவில்லை, சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படியோரமாக நின்றுகொண்டிருந்தார், வெகு நேரம் அப்படியே நின்றார். பூசாரி கற்பூரத் தட்டை அவரிடமும் நீட்டினார். அவர் தொட்டுக் கும்பிட்டது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அந்த மாதமே தலவாக்கலைப் பக்கம் கலவரம் என்று சேதி வந்தது, ராத்திரி பயந்துகொண்டே படுத்தோம், ஆனால் காலையில் மறுபடி கோயிலுக்குத்தான் போனோம்.

அந்த வருஷமே 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கிற சட்டம் பாராளுமன்றத்தில் வந்தது. 1988இல் இன்னொரு சட்டம். மலையகத்தாரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தைத் தொண்டமான் 1948இல் எதிர்க்கட்சியில் இருந்து எதிர்த்தார், 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் செய்தார், ஆனாலும் பறித்ததைத் திருப்பி வாங்க முடியவில்லை. உள்ளே இருந்துகொண்டு தோட்டத்தை நிறுத்தியபோதுதான் அசைந்தது. ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்திருந்தால் அந்தக் கதவு சாத்தியிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

பண்டாரவளை வாத்தியார்:

மகளுக்கு விவாதத்தில் உதவும் என்று ஒன்று சொல்கிறேன். 1977இல் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். முதலாவது காமினி திசாநாயக்க, இரண்டாவது அநுர பண்டாரநாயக்க, மூன்றாவது தொண்டமான். ஒரே தொகுதி, ஒரே தேர்தல், மூன்று பேருமே பிற்காலத்தில் தாங்கள் நின்ற இடத்துக்கு எதிராகத் திரும்பினார்கள். அநுரவுடையது கட்சி மாற்றம், தாயார் தலைமை தாங்கிய கட்சியை விட்டு 1993இல் ஐக்கிய தேசியக் கட்சியான யூ.என்.பி.க்குப் போனார், அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

காமினியுடையது வேறு மாதிரி. 1991 ஆகஸ்டில் லலித் அத்துலத்முதலியோடு சேர்ந்து தங்கள் யூ.என்.பி. ஜனாதிபதி பிரேமதாசவைப் பதவி நீக்கவே குற்றப்பிரேரணை கொண்டுவந்தார். சபாநாயகர் அதை ஏற்கவில்லை. கட்சி அவர்களை விலக்கியது. நமது அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரையின்படி கட்சி உறுப்புரிமை போனால் ஒரு மாதத்தில் ஆசனமும் போகும், அந்த மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். போனார்கள், தோற்றார்கள், ஆசனம் போனது. சட்டம் இந்த இடத்தில் தாத்தாவின் பக்கம்தான் நிற்கிறது, அதாவது ஆசனம் கட்சியுடையது. எனக்கு அது இன்றுவரை உடன்பாடு இல்லாத சட்டம். வாக்குப் போட்டது கட்சிக் காரியாலயம் இல்லையே.

ஆனால் தாத்தா சொல்கிற மாதிரியே விலகி வந்து எதிர்த்தவரும் உண்டு, அதுவும் நமக்காக. ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948இல் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவைக்குப் போனபோது, மலையகத்தாரின் பிரஜாவுரிமையைப் பறித்த அரசோடு உட்கார முடியாது என்று அதே தமிழ்க் காங்கிரஸில் வென்ற செல்வநாயகம் பிரிந்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது அப்படித்தான். 1952இல் காங்கேசன்துறையில் அவர் தோற்றும் போனார். தோட்டத்தில் ஒரு வாக்குக்கூட அவருக்கு இல்லை என்று தெரிந்தேதான் செய்தார். இதைச் சொல்லும்போது எனக்கு வகுப்பில் குரல் மாறிவிடும், பிள்ளைகள் கவனித்துவிடுவார்கள்.

போகவந்தலாவ டு ஸ்காபரோ:

ஆயுதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள் தம்பி. நான் தினமும் வேலைக்குப் போகிற வழியில், டொரொன்டோவில் யங் வீதியும் எக்ளிங்டனும் சந்திக்கிற இடத்துக்குச் சற்று வடக்கே, 1837 டிசம்பரில் ஒரு கலகம் நடந்தது. தலைமை தாங்கியவர் வில்லியம் லயன் மெக்கென்சி, இந்த நகரத்தின் முதலாவது மேயர். சட்டசபைக்கு மக்கள் அவரை அனுப்ப அனுப்ப, சபை அவரை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது, ஒரு தரம் இரண்டு தரம் இல்லை. கடைசியில் துப்பாக்கியோடு வந்தார், அது சில நாட்களில் அடங்கிவிட்டது. அவர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குத் தப்பிவிட்டார். கூட நின்ற சாமுவேல் லவுன்ட், பீட்டர் மத்யூஸ் இரண்டு பேரையும் 1838 ஏப்ரலில் தூக்கில் போட்டார்கள். லவுன்ட் ஒரு கொல்லர், அவரும் முன்பு சட்டசபைக்குத் தெரிவானவர். மெக்கென்சி பொதுமன்னிப்பில் திரும்பி வந்து 1851இல் மறுபடி தேர்தலில் வென்றார்.

மேற்கே லூயி ரியேல். பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த மேத்தி மக்களின் தலைவர், 1873இலும் 1874இலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார், உள்ளே உட்கார விடவில்லை, விலக்கினார்கள், நாடு கடத்தினார்கள். 1885இல் சஸ்காச்சுவனில் ஆயுதக் கிளர்ச்சி, அந்த நவம்பர் 16 அன்று தூக்கு. இன்றைக்கு மனிடோபாவில் அவர் பெயரில் அரச விடுமுறை நாள்.

நான் இதில் பார்ப்பது என்னவென்றால், இந்த இரண்டு பேரும் முதலில் வாக்கைத்தான் நம்பினார்கள். வென்றவனை வாசலில் நிறுத்திவைத்தால் அவனுக்குப் பின்னால் நிற்கிற சனம் எங்கே போகும்? எல்லாருடைய கதையும் இப்படி நியாயமானது என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜெபர்சன் டேவிஸ் செனட்டில் இருந்து 1861இல் எழுந்து போய்க் கிளர்ச்சிக்குத் தலைவரானது அடிமை முறையைக் காப்பாற்ற. அதனால்தான் பதவிப் பிரமாணம் எடுத்துவிட்டுக் கிளர்ச்சி செய்தவர் மறுபடி பதவிக்கு வரக்கூடாது என்று அங்கே 1868இல் அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். யாருக்காக எழும்பினான் என்பதைப் பார்க்காமல் எழும்பினான் என்பதை மட்டும் வைத்துப் பேச முடியாது. ஆனால் தங்கச்சி தயவுசெய்து லவுன்டையும் மத்யூஸையும் விட்டுவிட வேண்டாம். துப்பாக்கி வந்த பிறகு யார் தூக்கில் ஏறினார்கள் என்று அவள் சொல்லட்டும்.

டிக்கோயா பத்தாம் நம்பர்:

பெரிய பெரிய ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பிரதேச சபையில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஆளும் தரப்பு உறுப்பினர் ஒருவர், எங்கள் லயத்துக்குப் போகிற பாதையைப் பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க 1987 பிரதேச சபைச் சட்டம் விடாது என்று ஒரு பதில்தான் வரும். அந்தச் சட்டத்தை 2018இல் திருத்தினார்கள். திருத்திய பிறகும் பாதை வரவில்லை, காசு இல்லை என்று அடுத்த பதில் வந்தது. அந்த மனுஷன் தன் கட்சியின் பட்ஜெட்டுக்கு எதிராகக் கை தூக்கினார். அடுத்த முறை அவருக்குக் கட்சியில் இடம் இல்லை. கர்ப்பிணிகளைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்கியவர்கள் நாங்கள். அவர் செய்தது ரெண்டகம் என்றால் தாத்தா வந்து அந்தப் பாதையில் ஒரு மழை நாளில் நடந்து பார்க்கட்டும்.

மலைமகள்:

டிக்கோயாத் தம்பி, அந்த உறுப்பினரை அடுத்த முறை சுயேச்சையாக நிறுத்தினீர்களா? அதைக் கேட்க வேண்டியது நம்மிடம்தானே.

டிக்கோயா பத்தாம் நம்பர்:

இல்லை அக்கா. கேட்டோம், அவர் மறுத்துவிட்டார். நாங்களும் இரண்டாவது தடவை கேட்கவில்லை, அது எங்கள் பிழை.

தலவாக்கலை மைந்தன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. மலைமகள் அக்கா எழுதியதைத் தாத்தாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கணக்கப்பிள்ளை சப்பாத்தைக் கழற்றிய இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார். பிறகுதான் சொன்னார், அந்த நாட்களில் அவரும் பக்டரிக்குப் போகவில்லையாம், ரோலர் எல்லாம் சும்மா நின்றதாம், அவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்ததே அதற்குப் பிறகுதானாம். இத்தனை வருஷத்தில் எங்களிடம் இதைச் சொன்னதே இல்லை.

"அப்போ அதுவும் ரெண்டகமா தாத்தா" என்று தங்கச்சி கேட்டாள். "அது எப்படி ரெண்டகமாகும், நாங்க மாசாமாசம் சங்கத்துக்குச் சந்தா கட்டி, நாங்க சொல்லித்தானே அவர் செஞ்சார்" என்றார். காமினி கதையையும் டிக்கோயா உறுப்பினர் கதையையும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, ராஜினாமா பற்றிய பேச்சையும் விடவில்லை. செல்வநாயகத்தை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

தங்கச்சி இப்போது அலுமாரியில் இருந்து அவருடைய பழைய சந்தாத் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள். வாத்தியார் ஐயா, அந்த 99ஆம் உறுப்புரையில் எந்த உட்பிரிவு என்று மட்டும் சொல்ல முடியுமா, எதிர்ப் பக்கம் அதைத்தான் தூக்கிக்கொண்டு வரும்.

பண்டாரவளை வாத்தியார்:

13ஆவது உட்பிரிவு, அதில் (அ). முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள், நீதிமன்றம் போகிற உரிமையும் அதே பந்தியில்தான் இருக்கிறது.