பாலைவனத்தில் 5 நாள், 600 கி.மீ., நடுவில் பங்க் இல்லை: தண்ணீர், டீசல் எவ்வளவு ஏற்றணும்?

நெடுவழி:
வணக்கம். இரண்டு பேர், ஒரே வண்டி. ஃபோர் வீல் டிரைவ் டீசல், டேங்க் 80 லிட்டர், தார் ரோட்டில் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுக்கும். பாதை பாதி சரளை, பாதி மணல். ஊரோ செல்போன் சிக்னலோ கிடையாது. இரவு டென்ட்டில். தண்ணீர் கேன், டீசல் கேன் எல்லாவற்றையும் மேலே கேரியரில் கட்டிவிட்டால் உள்ளே இடம் மிச்சமாகும் இல்லையா? டயரில் எவ்வளவு காற்று வைக்கலாம்?

மணல்மேடு:
கேரியரில் கட்டவே கட்டாதீங்க. மணல் மேட்டில் வண்டி பக்கவாட்டில் சாயும்போது மேல்பாரம்தான் கவிழ்க்கும்.

தண்ணீர்: ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 5 லிட்டர், சமைக்க, கழுவ 3. இரண்டு பேருக்கு 5 நாளில் 80. வண்டி நின்றுபோய் உதவிக்குக் காத்திருக்க வேண்டி வந்தால் இன்னும் 3 நாளுக்குக் குடிக்க மட்டும் 30. ஆக 110 லிட்டர், அதாவது 110 கிலோ. முன்சீட்டுக்குப் பின்னால், தரையோடு தரையாக வைத்து பெல்ட் போட்டு இறுக்குங்க. ஒரே பெரிய டேங்க் வேண்டாம். 10 லிட்டர் கேன் 11. ஒன்று ஒழுகினாலும் மற்றவை தப்பும். இடையில் ரப்பர் பாய் வைங்க. சரளை ரோட்டு அதிர்வில் கேனும் கேனும் உரசி உரசியே ஓட்டை விழும்.

டீசல்: மணலில் லிட்டருக்கு 5, சரளையில் 8 என்று வைத்தால் கிட்டத்தட்ட 98 லிட்டர் வருது. வழி தவறித் திரும்புவதற்கு 30 சதவீதம் சேர்த்தால் 127. டேங்க் போக 20 லிட்டர் கேன் 3 போதும். கழுத்து வரை நிரப்பாதீங்க, வெயிலில் டீசல் விரியும். வண்டிக்குப் பின்புறம் வெளியே மாட்டுங்க. உள்ளே வைத்தால் வாடையிலேயே தலை சுற்றும்.

ஸ்டெப்னி:
காற்று பற்றி. தாரில் 35 பிஎஸ்ஐ என்றால் சரளையில் 26-28, மணலில் 18. காற்று குறைந்தால் டயர் தரையில் படும் இடம் நீளும், அதனால்தான் மணலில் புதையாது. ஆனால் 18-இல் வேகமாகப் போய் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மணல் முடிந்ததும் உடனே ஏற்றிடுங்க. தொளதொள டயரோடு கூர்க்கல்லில் போனால் பக்கச்சுவர் கிழியும், அங்கே பஞ்சர் பிளக் நிற்காது. இரண்டு ஸ்டெப்னி அவசியம்.

கம்ப்ரசரை நேராக பேட்டரியில் கிளிப் போட்டு ஓட்டுங்க. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் குத்தினால் ஃபியூஸ் போயிடும்.

புதைந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே கூடாது. சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகி அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும். நான்கு டயருக்கு முன்னும் பின்னும், வண்டிக்கு அடியிலும் மண்ணை வாருங்க. டயர் காற்றை 15-க்கு இறக்கி, டயருக்குக் கீழே மணல் பலகை (சக்கரத்துக்குப் பிடிமானம் தரும் பலகை) செருகி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்க. வேறு வண்டி இழுக்க வந்தால் டோ பாலில் (டிரெய்லர் மாட்ட வண்டிக்குப் பின்னால் இருக்கும் குண்டு) கயிற்றை மாட்ட விடாதீங்க. அது முறிந்து பறந்தால் ஆளையே கொல்லும்.

தடம்பார்:
ஒரே வண்டி என்பதால் சாட்டிலைட் போன் அல்லது 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (சாட்டிலைட் வழியாக ஆபத்துச் சிக்னல் அனுப்பும் கருவி) இல்லாமல் கிளம்பக் கூடாது. பாதை வரைபடத்தையும் திரும்பும் நாளையும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்க. வண்டி நின்றால் அதை விட்டு நடக்காதீங்க. மேலிருந்து தேடுபவர்களுக்கு ஆளைவிட வண்டிதான் சீக்கிரம் தெரியும், நிழலும் அதுதான்.

தினமும் சாயங்காலம் பேட்டரி கிளாம்ப், ஷாக் அப்சார்பர் போல்ட், வீல் நட் இறுக்கிப் பாருங்க. காய்ந்த ஆற்றுப்படுகையில் டென்ட் போடாதீங்க. எங்கோ பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும்.

நெடுவழி:
மிக்க நன்றி. கேரியரில் மெத்தை, டென்ட் மட்டும் போதும். வழியில் ஒரு உப்புத்தளம் இருக்கிறது, குறுக்கே போனால் 40 கி.மீ. மிச்சம். போகலாமா?

மணல்மேடு:
வேண்டாம், சுற்றியே போங்க. மேலே காய்ந்த ஓடு, அடியில் சேறு. ஓடு உடைந்தால் வண்டி அச்சு வரை இறங்கிவிடும், மணல் பலகையும் அதோடு சேர்ந்து உள்ளே போகும். அந்த 40 கி.மீ.க்கு மணல் கணக்கில் 8 லிட்டர்தான் ஆகும், கேனிலேயே இருக்கு.