ஊரை நாளைய வேலைகளுக்குத் தயார் செய்வது மாணவர்களின் பணியா?

நொய்யல்கரை:

அவிநாசிப் பக்கத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான், நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறேன். 1969-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அத்துடன் தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் முகாமும் உண்டு. அந்த நேரத்தில் பெரும்பகுதி சீமைக்கருவேலம் வெட்டுவதிலும் மரக்கன்று நடுவதிலும் செல்கிறது. அவை தேவையான பணிகளே. ஆயினும் எந்த வேலை தேய்கிறது, எந்த வேலை வரப்போகிறது என்பதை ஊருக்கு எடுத்துச் சொல்வது இன்று அவற்றைவிட அவசரமானது என்று நினைக்கிறேன்.

கோவைப் பட்டறைகளில் பல, எஞ்சின் பாகங்களை நம்பி நடப்பவை. பிஸ்டனுக்கும் கிராங்க்‌ஷாஃப்டுக்கும் மின்வாகனத்தில் இடமே இல்லை. திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பனியன்களுக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதியின் தொடர்ச்சியாக, மூலப்பொருள் முதல் தயாரிப்பு வரையிலான விவரங்களைத் தாங்கிய டிஜிட்டல் கடவுச்சீட்டு தேவைப்படப் போகிறது; அந்தக் கணக்குகளைப் பராமரிக்க ஆள் வேண்டும். பல்லடம் பகுதியில் நாடா (ஊடுநூலைக் கொண்டுசெல்லும் ஷட்டில்) ஓடும் தறிகளுக்குப் பக்கத்திலேயே நாடா இல்லாத தறிகள் வந்துவிட்டன. ஆகவே முகாம் நடக்கும் ஊரில் வீடு வீடாகச் சென்று, யார் என்ன வேலை செய்கிறார்கள், பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் எங்கே போக நினைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, சுற்றுவட்டாரப் பட்டறைகளில் எந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று விசாரித்து, இரண்டையும் சேர்த்துக் கிராம சபையில் வைக்கலாம் என்பது என் யோசனை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கணபதி லேத்:

தம்பி, உங்கள் அக்கறையை மதிக்கிறேன், யோசனையை ஏற்கவில்லை. நெடுங்காலமாகப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். "ஆள் கிடைக்கவில்லை" என்று ஒரு முதலாளி சொன்னால், அவர் கொடுக்கும் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றே பொருள். அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொண்டு போய் "லேத்தில் கடைசல் பிடிக்கும் டர்னர் தேவை" என்று கிராம சபையில் வாசித்தால், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் டர்னர் படித்துவிட்டு ஒரே வாசலில் வந்து நிற்பார்கள். கூலி இன்னும் இறங்கும்.

அடுத்தது, வருங்காலத்தைச் சொல்வது. இருபது ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள் வரிசையாகத் திறந்தபோது, இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று படித்தவர்கள் எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். தோட்டத்தை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனை! பின்னாளில் அதே கல்லூரிகள் பலவற்றில் இடங்கள் நிரம்பவில்லை, சில மூடப்பட்டன. கோவை 1937-இலேயே மின்மோட்டார் தயாரித்த ஊர். அந்தத் தொழில் இங்கே வேரூன்றியது கணக்கெடுப்பால் அல்ல. கிணற்றுக்கு மோட்டார் தேவைப்பட்டது, பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றி வைண்டிங் செய்தவரிடம் பக்கத்தில் நின்றவர் கற்றுக்கொண்டார். மாணவர்கள் உதவ விரும்பினால் பட்டறைக்கு வந்து வேலை கற்கட்டும். வேலையைப் பற்றி ஊருக்குச் சொல்ல அதற்குப் பிறகு தகுதி வரும்.

சென்னிமலை ஆசிரியை:

கணபதி ஐயாவின் முதல் கருத்தை முழுமையாக ஏற்கிறேன், இரண்டாவதை மறுக்கிறேன். ஊருக்குத் தேவைப்படுவது ஆரூடம் அல்ல, இன்று இருக்கும் வழிகளைப் பற்றிய தகவல். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவிகளின் வீடுகளில் தெரிந்த படிப்புகள் இரண்டுதான்: நர்சிங், பி.காம். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் ஐடிஐ, பாலிடெக்னிக் படிப்புகளுக்கும் உண்டு என்பது அந்தத் தாய்மார்களில் பலருக்குத் தெரியாது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் முடிந்த பிறகு பள்ளி வாசலில் வந்து விசாரிக்கும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பக்கத்து ஊர்க் கல்லூரி மாணவி திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் அவர்கள் கேட்பார்கள். அலுவலகச் சுற்றறிக்கை சொன்னால் கேட்க மாட்டார்கள்.

ஆனால் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்பதில் எனக்குக் கவலை உண்டு. எங்கள் ஊருக்கு ஒரு கல்லூரிக் குழு வந்தது. பனியன் கம்பெனியில் இருபது ஆண்டுகளாகச் செக்கிங் வேலை செய்யும் ஓர் அம்மாவின் படிவத்தை நான் பார்த்தேன். "கல்வி: எட்டாம் வகுப்பு. திறன்: இல்லை" என்று எழுதியிருந்தது. ஊசி பழுதானால் துணியில் விழும் நீளக்கோட்டை, ஒரே சாயத்தில் இரண்டு ரோல்களுக்கு இடையே உள்ள நிற வேறுபாட்டை, குழல் விளக்கின் கீழ் துணியை ஒருமுறை புரட்டியதுமே கண்டுபிடிப்பவர் அவர். கேட்ட பிள்ளைக்கு அது ஒரு திறன் என்று தெரியவில்லை. சொன்ன அம்மாவுக்கும் தெரியவில்லை. அந்தப் படிவத்தை வைத்து எந்த வருங்காலத்தைத் திட்டமிட முடியும்?

பல்லடம் தறி:

ஆசிரியை அம்மா சொன்ன படிவமே என் எதிர்ப்புக்குப் போதுமான காரணம். எனினும் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த வீட்டில் பத்தாம் வகுப்பில் தவறிய பெண் இருக்கிறாள், எந்த வீட்டில் கடன் இருக்கிறது என்ற பட்டியல் யார் கைக்குப் போகும்? நம் நூற்பாலைகளில் திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, மூன்றாண்டு ஒப்பந்தத்தில், பயிற்சியாளர் என்ற பெயரில் இளம்பெண்களை விடுதிகளில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தை இந்த மண் மறந்துவிடக் கூடாது. அன்று தரகர்கள் ஊர் ஊராக அலைந்து திரட்டிய தகவலை, இன்று நல்லெண்ணத்தோடு மாணவர்களே திரட்டிக் கொடுப்பதாக ஆகிவிடும்.

மேலும் இது அரசின் கடமை. வேலைவாய்ப்பு அலுவலகம் மாவட்டந்தோறும் இருக்கிறது; அதில் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் செய்ய வேண்டியதை, கூலியில்லாமல் மாணவர்களைக் கொண்டு செய்வது தொண்டு ஆகாது.

ரங்கநாதபுரம் வாசி:

ஒரே ஒரு கேள்வி. திருப்பூரில் தையல் மெஷின்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பெருந்தொகையினர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் நம் மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். நீங்கள் "ஊர்" என்று சொல்லும்போது அவர்களும் கணக்கில் வருகிறார்களா?

நொய்யல்கரை:

வர வேண்டும். குடும்ப அட்டையைப் பார்த்து வீடுகளைத் தேர்ந்தால் அவர்கள் விடுபட்டுவிடுவார்கள் என்பதால், தெரு வாரியாகவே போக வேண்டும். இந்தி பேசும் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பல்லடம் தறி ஐயா சொன்ன ஆபத்து உண்மையானது. பெயர், கைபேசி எண், கடன் விவரம் எதையும் கேட்கக் கூடாது. எண்ணிக்கை மட்டும் போதும். ஆனால் அரசின் கடமை என்பதால் நாம் விலகி நிற்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. செக்கிங் செய்யும் அந்த அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், படிக்காமலேயே தொழில் கற்றவர்களின் திறனைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. அது அரசு செய்த ஏற்பாடு. அந்த அம்மாவிடம் போய் "நீங்கள் செய்வதற்குப் பெயர் தரப் பரிசோதனை, அதற்குச் சான்று வாங்கலாம்" என்று சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது யார்? அதைத்தான் மாணவர்கள் செய்யலாம் என்கிறேன். கேள்வி கேட்கப் போகும் முன்பு ஒவ்வொரு மாணவரும் ஒரு நாளாவது செக்கிங் மேசை அருகிலும் தறிக்கூடத்திலும் நின்று பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பல்லடம் தறி:

பெயர் எழுதாமல் இருப்பது நல்லது. ஆனாலும் சான்றிதழ் கூலியை உயர்த்தும் என்று ஊருக்கு உறுதி கொடுத்துவிடாதீர்கள். பாவு நூல் அறுந்ததைச் சத்தத்திலேயே அறியும் தறிக்காரருக்கு இங்கே கூலி கூடுவது ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில்தான். காகிதத்தால் கூடி நான் பார்த்ததில்லை. சங்கத்தில் சேரும் உரிமை, வருங்கால வைப்பு நிதி, நலவாரியப் பதிவு ஆகியவற்றையும் வீடு வீடாகச் சொல்வீர்கள் என்றால் என் எதிர்ப்பு குறையும். முதலாளிகளுக்கு வேண்டிய ஆளைத் தயார் செய்வது மட்டுமே நோக்கமென்றால் குறையாது.

சென்னிமலை ஆசிரியை:

அதையும் சொல்லலாம், சொல்ல வேண்டும். என் கவலை வேறு: முகாம் முடிந்ததும் பேருந்து ஏறிவிடுவார்கள், மூன்றாம் ஆண்டு முடிந்ததும் கல்லூரியையே விட்டுவிடுவார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வரும் மே மாதத்தில்தான் வீடுகளில் முடிவெடுக்கிறார்கள்; முகாம் பெரும்பாலும் அந்த மாதத்தில் நடப்பதில்லை. முகாமை மே மாதத்துக்கு மாற்றுங்கள், அல்லது 240 மணி நேரத்தில் ஒரு பகுதியை அந்த மாதத்துக்கு ஒதுக்குங்கள். அடுத்த அணி மாணவர்களை அதே ஊருக்கு, அதே தெருக்களுக்கு அழைத்துப் போய் அறிமுகம் செய்துவிட்டுப் போங்கள்.

கணபதி லேத்:

மே மாதம் என்பது சரியான பேச்சு. என் அடிப்படைக் கருத்தில் மாற்றமில்லை: பட்டறைக்காரரிடம் தேவையைக் கேட்டு ஊரை நடத்த முடியாது. ஆனால் கேட்டே தீருவீர்கள் என்றால், முகாமுக்கு முன் படிவத்தை இங்கே பதியுங்கள். கூலி எவ்வளவு, மிகைநேரத்துக்கு என்ன தருகிறார்கள், சென்ற ஆண்டு எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்ற மூன்று கேள்விகளும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். இருந்தால் என் பட்டறையில் தொடங்கலாம். ஷிப்ட் மாறும் நேரத்தில் வந்து, நான் பக்கத்தில் இல்லாதபோது, அதே மூன்று கேள்விகளை லேத்தில் நிற்பவர்களிடமும் கேளுங்கள்.