கெய்ரோவில் உம்மா எழுத்துக் கூட்டிப் படித்த பெயர்

கெய்ரோ போகிறவர்கள் பெரும்பாலும் பிரமிடு பார்த்துவிட்டு, கான் அல் கலீலி கடைவீதியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய கெய்ரோவின் முயிஸ் தெருவுக்கென்று ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நானும் உம்மாவும் போன கதையைச் சொல்கிறேன்.

வடக்கே பாபுல் ஃபுதூஹ் வாசலில் தொடங்கினோம். 1087இல் எழுப்பிய கோட்டை வாசல் அது. அங்கிருந்து தெற்கே பாப் ஸுவைலா வாசல் வரை ஒன்றரைக் கிலோமீட்டர்கூட வராது. 969இல் ஃபாத்திமியர் என்ற அரச வம்சத்தார் இந்த நகரை அமைத்தபோது இதுதான் அவர்களுடைய நடுத்தெரு. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் அல் ஹாக்கிம் பள்ளிவாசல். பாழடைந்து கிடந்த அதை 1980 வாக்கில் எடுத்துக் கட்டியவர்கள் தாவூதி போராக்கள் என்ற ஷியா முஸ்லிம் பிரிவினர். வெள்ளைப் பளிங்கு முற்றத்தைப் பார்த்துப் பழமை போய்விட்டதே என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அங்கே பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், வக்துக்கு வக்து, அதாவது வேளை தவறாமல், தொழுகை நடக்கிறது.

தெருவில் ஓர் ஆள் எங்களை மறித்து, முன்னால் இருக்கும் பள்ளிவாசல்கள் எல்லாம் பூட்டிவிட்டார்கள், என்னோடு வாருங்கள் என்றார். நம்பிப் பின்னால் போனோம். அத்தர்க் கடையில் கொண்டுபோய் விட்டார். அரை மணி நேரம் வீண். எந்தப் பள்ளியும் பூட்டவில்லை. யார் அப்படிச் சொன்னாலும் வாசல்வரை போய் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அல் அக்மர் பள்ளிவாசல் முன்னால் உம்மா அசையாமல் நின்றுவிட்டார். 1125இல் கட்டியது, சின்னப் பள்ளிதான். தெரு ஒரு கோணத்தில் போகிறது, தொழும்போது முகம் திருப்பும் மக்காவின் திசையான கிப்லா வேறு கோணத்தில் இருக்கிறது. கட்டியவர்கள் முகப்பைத் தெருவோடு சேர்த்துவிட்டு, உள்ளே தொழுமிடத்தைக் கிப்லாவுக்குத் திருப்பியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஆப்பு மாதிரி விழுந்த இடம் தெரியாதபடி சுவருக்குள் மறைந்திருக்கிறது. உம்மா பார்த்தது அதையல்ல. வாசலுக்கு மேலே கல்லில் கதிர் விரிந்த வட்டம் ஒன்று, நடுவில் கூஃபி என்ற பழைய அரபி எழுத்து. இன்றைய அரபி எழுத்தில் இருக்கும் புள்ளியே கிடையாது. ஏழு வயதில் மதரஸாவில் ஓதக் கற்ற உம்மாவுக்கு அரபியில் பேச வராது, எழுத்து மட்டும் தெரியும். விரலைக் காற்றில் ஓட்டி ஓட்டிப் பார்த்தவர், "முஹம்மத்னு இருக்குடா" என்றார். ஒன்பது நூற்றாண்டுக்கு முந்தைய எழுத்து!

பாப் ஸுவைலா மினாராவில் மறுநாள் நான் தனியாகத்தான் ஏறினேன். முதல் நாள் உம்மாவின் முட்டி அதுவரை தாங்கவில்லை. அல் அக்மரைத் தாண்டி, தெரு இரண்டாகப் பிரியும் முனையில் அப்துர் ரஹ்மான் கத்குதாவின் ஸபீல் இருக்கிறது. 1744இல் கட்டியது. கீழ்த்தளத்தில் வழிப்போக்கருக்குத் தண்ணீர், மேல்மாடியில் பிள்ளைகள் ஓதும் மக்தப். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலைக் கல்லில் கட்டி, அதன் தலையில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தை வைத்த மாதிரி. இன்று அங்கே தண்ணீர் கொடுப்பதில்லை.

அதைத் தாண்டிச் செம்புப் பாத்திரக் கடை ஒன்றின் படியில் உம்மா உட்கார்ந்துவிட்டார். கடைக்காரப் பெரியவர் தட்டிக்கொண்டிருந்த சுத்தியலைக் கீழே வைத்து, "யா ஹக்கா" என்று கூப்பிட்டுப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். கெய்ரோப் பேச்சில் 'ஜ' எல்லாம் 'க' ஆகிவிடும், பெரிய பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் ஹஜ்ஜாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சுவரோரம் ஒரு குளிர்நீர்ப் பெட்டி, குழாயில் சங்கிலி போட்டுக் கட்டிய அலுமினிய டம்ளர். உம்மா பிஸ்மி சொல்லி மூன்று மிடறாகக் குடித்தார். நான் காசை நீட்டினேன். பெரியவர் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார்.

பெட்டியின் மேல் ஈரத்தில் ஓரம் உரிந்த ஒரு தாள். உம்மா குனிந்து எழுத்துக் கூட்டினார். "ஸதகா ஜாரியா..." தொடர்ந்து நன்மை சேர்க்கும் தர்மம் என்று பொருள், இறந்தவர் பேரிலும் செய்வார்கள். அதற்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர். அதையும் சத்தமாகப் படித்தார். பெரியவர் சட்டென்று எழுந்துவிட்டார். "ஐவா (ஆமாம்), காரியா, காரியா" என்று சொல்லி, தன் மோதிர விரலைத் தொட்டுக் காட்டினார். அவருடைய மனைவி.

உம்மா முக்காட்டைச் சரிசெய்து, தெருவில் நின்றபடியே குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதினார். பெரியவர் இரு கையும் ஏந்தி நின்றார். முடிவில் ஆமீன் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்தது. பிறகு அவர் எங்கள் பாட்டிலை வாங்கி, கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தார்.